அசையாமல் உட்கார்ந்த கருவாயன்

செய்தி வந்தபோது நான் பண்ணையக்காரர் கருப்பணப் பண்ணாடியின் களத்து வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் மயிலாத்தாளை அன்றைக்கே ரயிலேற்றி, குன்னூருக்குக் கொண்டுபோய் நாய்க்கடி ஊசி போட வேண்டும் என்பது என் கட்சி. அந்தப் பேச்சையே எடுக்காதே என்பது அவர் கட்சி. அந்தச் சமயத்தில் எங்கள் பக்கத்து வீட்டு மாரப்பன் கஞ்சிக்கோட்டிலிருந்து ஓடிவந்து படலைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சு வாங்கிற்று.

“மாமா, போயிட்டாருங்க. பெட்டி அவரையே தின்னுபோடுச்சுங்க.”

பெட்டி என்று அவன் சொன்னது படம் பிடிக்கும் பெட்டியை. போனவர் ஆறுமுகம், என் தங்கை பழனாத்தாளின் புருஷன். வாளையாரிலிருந்து கொழிஞ்சாம்பாறை வரைக்கும் அவரைத் தெரியாத நாய் கிடையாது. மனிதர்களிலும் கொஞ்சம் பேருக்குத் தெரியும். அந்தக் கொஞ்சம் பேருக்காகவும், பெட்டி தின்றுவிட்டது என்று சந்தைக்குச் சந்தை சொல்லித் திரிகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் நாலாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க வாத்தியாரிடம் சரக்கு இல்லை. ஆகவே எழுத்தில் பிழை கண்டால் அதை வாத்தியார் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இராது. கூட்டிச் சொல்கிற ஆள் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. வாளையார்க் காட்டில் நான் புலியைச் செருப்பால் அடித்து விரட்டியதைப் பொறுக்கமாட்டாதவர்கள் கட்டிவிட்ட பேச்சு அது.

ஆறுமுகம் கோயமுத்தூரில் ஒரு படக்கடையில் வேலை பழகி, பழைய பெட்டி ஒன்றும் முக்காலி ஒன்றும் கறுப்புத் துணி ஒன்றுமாக ஊருக்கு வந்தவர். வந்த புதிதில் அவருக்கு வேலையே இல்லை. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று இந்தப் பக்கத்தில் எல்லாரும் நம்பினார்கள். செத்தவர்களை மட்டும் நாற்காலியில் சாய்த்து வைத்துப் படம் பிடிக்கக் கூப்பிடுவார்கள். அவர்களுக்கு இனிமேல் குறைய ஒன்றும் இல்லையே. அதனால் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால், “யாரூட்டுலீங்க எழவு?” என்றுதான் கேட்பார்கள். அவர் தலை குனிந்து போவார். அது பொறுக்காமல்தான் நான் அவரை மலைக்கு அழைத்துப் போனேன்.

மூணாற்று மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை, தன் நாயைப் படம் பிடிக்க ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டேன். துரை என்னிடம் இங்கிலீஷில் பேசினார். நானும் அவருக்கு இங்கிலீஷிலேயே பதில் சொன்னேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மரியாதை கெடவில்லை. உச்சி வெயிலில் பங்களா வாசலில் நாற்காலி போட்டு, அந்தச் சடை நாயை அதன்மேல் ஏற்றி, சங்கிலியைக் காலோடு கட்டி, சமையல்காரர் ஒரு பக்கம் பிஸ்கோத்தைக் காட்ட, நான் ஒரு பக்கம் விரலைச் சொடுக்க, ஆறுமுகம் பெட்டிக் கண்ணின் மூடியைக் கழற்றி எண்ணினார். எண்ணி முடிகிற வரைக்கும் நாய் அசையக் கூடாது. கொழுந்துக் கூடையோடு போன பெண்கள் நின்றுவிட்டார்கள். அவர்களை ஓட்டிக்கொண்டு வந்த கங்காணி, திருநெல்வேலிச் சீமைக்காரர், சிரிக்காமல் சொன்னார்: “நாய்க்கு நாக்காலி போட்டாச்சு. நமக்கு எப்ப வே போடுவாக?”

படம் கழுவிப் பார்த்தால் நாய்க்குத் தலை இரண்டு இருந்தது. வால் இல்லவே இல்லை. துரை அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மலையிறங்கும்போது ஆறுமுகம் பாதி வழியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்துகொண்டு பேசினார்.

“மச்சான், நாயி மேல தப்பில்லீங்க. அத்தன பேரு மேல நின்னு குனிஞ்சு பாத்தா அது நடுங்காம என்ன பண்ணும்? நாம வாலாட்டுதுன்னு நெனச்சோம். அது நடுக்கமுங்க.”

“அப்ப என்ன பண்றது மாப்ளே?”

“நாம கீழ படுக்கோணும்.”

திரும்ப ஏறினோம். இந்தத் தடவை காலை இளவெயில் வராந்தாவில் சாய்கிற நேரம். நாற்காலி இல்லை, சங்கிலி இல்லை, பிஸ்கோத்து இல்லை. முக்காலியை மடித்து வைத்துவிட்டுப் பெட்டியைத் தரையில் வைத்து, ஆறுமுகம் அதன் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டார். துரையைத் தன் முதுகுக்குப் பின்னால் நிற்கச் சொல்லி, கூப்பிடவே கூடாது என்று சைகை காட்டினார். நாய் வந்தது, அவரை மோந்தது, சலித்தது, தன் துரையைப் பார்த்துக்கொண்டு படுத்தது. அந்தப் படம் இன்றைக்கும் அந்தப் பங்களாக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதைப் பார்க்கச் சீமையிலிருந்து ஒரு கப்பல் ஆட்கள் வந்தார்கள் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆகவே அரைக் கப்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு அவருக்கு நாய்ப் பைத்தியம் பிடித்தது. நான் வேண்டுமென்றே இந்த வார்த்தையைப் போடவில்லை. விழுந்துவிட்டது, கிடக்கட்டும். “நாயக் கூப்புடாதீங்க. கூப்புட்டா மூஞ்சிதான் வரும், நாயி வராது” என்பார். வந்து நிற்கிற இடத்தை அதுவே பார்த்துக்கொள்ளட்டும், நாம் காத்திருக்க வேண்டியதுதான் என்பார். கஞ்சிக்கோட்டு ரயில்வே கேட்டில் ஒரு கறுப்பு நாய் இருந்தது. வெயிலில் எடுத்தால் கரித்துண்டு, நிழலில் எடுத்தால் வெறும் ஓட்டை. ஆறுமுகம் பல காலைகள் அங்கே போய்ச் சரளைக் கல்மேல் படுத்துக் கிடந்தார். கேட் குடிசையின் சுண்ணாம்புச் சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்துக்குள் அந்த நாய் தானாக வந்து நின்றபோதுதான் மூடியைக் கழற்றினார். “கறுப்பு நாயிக்கு வெய்யிலும் ஆகாது, நெழலும் ஆகாது மச்சான். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாண் எடம் இருக்குது. அதுக்குக் கண்ணு அங்கதான் தொறக்கும்.” அன்றைக்கு வண்டி வந்து நாயைக் கலைத்துவிடாமல் நான்தான் ரயிலுக்குக் கை காட்டி நிறுத்தினேன். ரயில் தாமதமாக வந்தது என்று கேட்காரர் சொல்வார். நிறுத்தினால் தாமதமாகத்தானே வரும்?

அவருடைய கையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். படம் கழுவுகிற மருந்துத் தண்ணீரில் ஊறி ஊறி அவர் விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். தோல் வெடித்து, வெடிப்புக்குள் சிவப்புத் தெரியும். ரசம் ஊற்றிச் சோறு பிசைந்தால் காந்தும். பழனாத்தாள் தினமும் விளக்கெண்ணெய் தடவிவிடுவாள். “இந்தக் கையோட எனக்குத் தாலி கட்டியிருந்தா மஞ்சக்கவுறு கறுத்துப் போயிருக்கும்” என்று கேலி செய்வாள். அவர் கையை நீட்டிக்கொண்டு சிரிப்பார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்தக் கேலிதான் அவர்கள் வீட்டின் சத்தம்.

கருப்பணப் பண்ணாடிக்கு வருகிற தையில் மகள் கல்யாணம். அதற்கு முன்னால் குடும்பத்தோடு ஒரு படம் இருந்தால் நன்றாயிருக்கும் என்பது அவர் பெண்சாதி காளியாத்தாளின் ஆசை. பண்ணாடிக்குப் பயம். எங்களை வரச்சொல்லி இளநீர் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்.

“ஏனுங்க பெட்டிக்காரரே, படம் புடிச்சா ஆயுசு கொறையும்ங்கறாங்களே, நெசமுங்களா?”

“கொறையாதுங்க பண்ணாடி.”

“உங்க மச்சானும் அப்படித்தானுங்க சொன்னாரு. அதுனாலதான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு.”

காளியாத்தாள்தான் வழி கண்டுபிடித்தாள். எங்கள் பக்கத்தில் புதுக் கிணறு வெட்டினால் ஊற்றுத் தண்ணீரை முதலில் மாட்டுக்கு வைப்பார்கள். மாடு குடித்துவிட்டு மறுநாளும் எழுந்து நின்றால் மனிதர்கள் குடிப்பார்கள். அந்த வழக்கத்தை அவள் பெட்டிக்கும் போட்டாள். “மொதல்ல நம்ம கருவாயன எடுக்கட்டுமுங்க. அது நல்லாயிருந்தா அடுத்த வாரமே நாம எல்லாரும் உக்காந்துக்கலாம்.”

ஆறுமுகத்தின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஒரு வீடு உட்கார்ந்தால் ஊரே உட்காரும். இனிமேல் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் யார் செத்தார்கள் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.

கருவாயன் என்பது செம்பட்டை நிறத்தில் வாய் மட்டும் கறுத்த நாய். கடலைக் காட்டுக்குக் காவல். பண்ணாடியையும் மயிலாத்தாளையும் தவிர வேறு யாரும் அதைத் தொட்டது கிடையாது. அதைச் சரிக்கட்ட நாலைந்து நாளாவது ஆகும் என்றுதான் ஆறுமுகம் நினைத்திருந்தார். ஆனால் நாங்கள் போன காலையில் அது களத்து ஓரத்தில் தானாக உட்கார்ந்திருந்தது. குரைக்கவில்லை. பெட்டியை அதன் முகத்துக்கு நேரே தரையில் வைத்தபோதும் நகரவில்லை. வாய் மட்டும் கொஞ்சம் தொங்கி, எச்சில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

மயிலாத்தாள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். “ரெண்டு நாளாச் சோறே திங்கலீங்க மாமா. எலும்பு சிக்கியிருக்குமாட்டம் இருக்குது. நான் வாய்க்குள்ள கைய உட்டுப் பாத்தேன், ஒண்ணும் ஆப்புடல.”

“நான் பாக்கறேன் கண்ணு” என்று ஆறுமுகமும் அதன் தொண்டைக்குள் விரலை விட்டுத் தடவினார். எலும்பு அகப்படவில்லை. பிறகு, வாய் மூடியிருந்தால் படத்துக்கு அழகு என்று, தாடையைக் கீழிருந்து தூக்கி மூடினார். விட்டதும் தொங்கிற்று. மறுபடி மூடினார். மறுபடி தொங்கிற்று. எச்சிலைத் தன் கையாலேயே துடைத்துவிட்டு, சரி, இருக்கிறபடியே இருக்கட்டும் என்று படுத்துக்கொண்டார். மயிலாத்தாளைத் தன் பின்னால் நிற்கச் சொன்னார். நாய் அவளைப் பார்த்தது. மூடியைக் கழற்றி எண்ணி முடிக்கும் வரைக்கும் அது ஒரு மயிரளவு அசையவில்லை.

திரும்பி வரும்போது அவர் காற்றில் நடந்தார். “மச்சான், இத்தன வருசத்துல இப்படி ஒரு நாயி எனக்கு உக்காந்ததில்லீங்க. கண்ணெமகூட ஆடலை பாத்தீங்ளா? முனிவராட்டம் உக்காந்திருந்துச்சு.”

வெறிநாய் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அது வாலைக் காலுக்கிடையில் செருகிக்கொண்டு, தெருத்தெருவாக ஓடி, எதிரில் வருகிறவனைக் கடிக்கும். களத்து ஓரத்தில் முனிவர் மாதிரி உட்கார்ந்தும் ஒரு வெறி உண்டு என்று இந்தச் சீமையில் யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில நாளில் கருவாயன் வண்டிக்கடியில் செத்துக் கிடந்தது. அது செத்ததுக்கு யாரும் வேறு காரணம் தேடவில்லை. அதற்காகத்தானே அதை முதலில் உட்கார வைத்தார்கள்? சந்தையில் பண்ணாடி எங்களைக் கண்டதும் கூட்டம் கூடிவிட்டது. அவர் கையை ஓங்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. “நாயோட போச்சுங்க, பெட்டிக்காரரே” என்றார் மெதுவாக. “என்ற புள்ளய உக்கார வெச்சிருந்தா?”

“பெட்டிக்குள்ள வெளிச்சந்தானுங்க போகுது பண்ணாடி. உசுரு போறதில்லீங்க.”

“கருவாயங்கிட்டச் சொல்லுங்க.”

கூட்டம் சிரித்தது. ஆறுமுகம் சிரிக்கவில்லை. அடுத்த சந்தைக்கு அவர் பெட்டியோடும் ஒரு நாற்காலியோடும் வந்தார். புளியமரத்தடியில் நாற்காலியைப் போட்டு, எல்லாரும் பார்க்க உட்கார்ந்துகொண்டார். “மச்சான், என்னைய எடுங்க” என்றார். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். எடுத்தேன். “இன்னொண்ணு” என்றார். எடுத்தேன். எழுந்து நின்று எல்லாரையும் பார்த்துச் சொன்னார்: “அடுத்த அமாவாசச் சந்தைக்கும் இதே மரத்தடியில நிப்பேனுங்க. அத்தன பேரும் வந்து பாத்துட்டுப் போங்க.” நான் பிடித்த படங்கள் அவை இரண்டுதான். இரண்டிலும் அவர் தெளிவாக விழுந்திருக்கிறார். இந்தியாவிலேயே அதற்கு ஈடு கிடையாது. அதில் அவர் முகத்தில் இருக்கிற தைரியத்தை மட்டும் என்னால் இப்போது பார்க்க முடிவதில்லை.

அந்த அமாவாசைக்குச் சில நாள் முன்னால் அவருக்கு விரல் காந்த ஆரம்பித்தது. மருந்துத் தண்ணீர் என்று நினைத்தோம். காந்தல் மணிக்கட்டுக்கு ஏறியது, முழங்கைக்கு ஏறியது. காய்ச்சல் வந்தது. பழனாத்தாள் சுக்குத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். செம்பைப் பார்த்ததுமே அவர் தொண்டை இழுத்துக்கொண்டது. குடிக்க வேண்டும் என்றுதான் கையை நீட்டினார். கை போயிற்று, வாய் மாட்டேன் என்றது. தாகம் அவரை அடித்தது, தண்ணீரும் அடித்தது. சன்னல் காற்று முகத்தில் பட்டாலே உடம்பு தூக்கிப் போட்டது. வெளிச்சத்துக்காகவே பிறந்த மனிதர், “மூடு, மூடு” என்றார். பழனாத்தாள் கறுப்புத் துணியை எடுத்துச் சன்னலில் கட்டினாள்.

நான் பாலக்காட்டுக்குப் போய் மோட்டாரிலேயே டாக்டரைக் கொண்டுவந்தேன். நாய் கடித்ததா என்று அவர் கேட்டார். இல்லை என்றோம். ஏதாவது நாயைத் தொட்டாரா என்று கேட்டார். ஆறுமுகம் தொடாத நாய் எது? டாக்டர் ஆறுமுகத்தின் கையைத் திருப்பி அந்த வெடிப்புகளைப் பார்த்தார். பிறகு அவர் கண் சுவருக்குப் போயிற்று. அங்கே கருவாயன் படம் காய்ந்துகொண்டிருந்த இடத்திலேயே குத்தியிருந்தது. ஆறுமுகம் அதை எடுக்க விடவில்லை. நாய் செத்தாலும் படம் நல்ல படம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“இந்த நாய் இருக்கிறதா?”

“செத்துப் போச்சுங்க.”

“வாய் இப்படியேதான் தொங்கிற்றா?”

“எலும்பு சிக்கி…” என்று ஆரம்பித்தேன். டாக்டர் என்னை முடிக்க விடவில்லை. படத்தில் எச்சில் நூல்கூடத் தெரிந்தது. அவ்வளவு துல்லியம். அவர் என்னை வெளியே கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. திரும்பி உள்ளே வந்தபோது ஆறுமுகம் என் முகத்தைப் பார்த்தார். முகம் பார்ப்பதுதானே அவர் தொழில். தெரிந்துகொண்டார்.

“மச்சான்.” பேச்சுக்கு நடுவே தொண்டை பூட்டிக்கொண்டது. காத்திருந்து மறுபடி பேசினார். “அந்தப் புள்ள… கைய உட்டுப் பாத்தேன்னுச்சே.”

நான் அதை மறந்தே போயிருந்தேன்.

“எனக்கு நேரம் போயிருச்சு. அதுக்குப் போகலீங்க. படத்த எடுத்துக்கிட்டு ஓடுங்க.”

ஓடினேன். இதில் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஐம்பது வயதுக்கு மேல் கல்லிலும் முள்ளிலும் ஓடினால் எப்படி ஓடுவானோ அப்படித்தான் ஓடினேன்.

பண்ணாடி என் கையில் படத்தைப் பார்த்ததும் பின்வாங்கினார். “அத என்ற ஊட்டு வாசல்ல வெச்சுப்போடாதீங்க!”

“பண்ணாடி, அது பெட்டி பண்ணுன வேல இல்லீங்க. நாயிக்கு வெறி. டாக்டரே சொல்லிப்போட்டாரு. மயிலாத்தாளக் குன்னூருக்குக் கூட்டிட்டுப் போங்க, இன்னைக்கே.”

“வெறி புடிச்ச நாயி யாரையாச்சும் கடிச்சுதுங்களா? குந்த வெச்சாப்பல குந்தியிருந்துச்சு. உங்க பேச்சக் கேட்டு நான் பொண்ண ரயிலேத்தறதா? கல்யாணத்துக்கு இருக்கற புள்ளைக்கு நாய்ப்பித்துன்னு ஊரு பேசட்டும்ங்கறீங்ளா? நீங்க சொன்ன புலிக் கதையிலயே பாதிப் புலிதானுங்க நெசம்.”

“பாதிப் புலியாச்சும் நெசம்னு ஒத்துக்கிட்டீங்களே, அது போதும். இது முழு நாயி. வந்து பாருங்க!”

அவர் பார்க்கவில்லை. இப்படி நாங்கள் கத்திக்கொண்டிருந்தபோதுதான் மாரப்பன் வந்து, பெட்டி தின்றுவிட்டது என்றான். பண்ணாடி இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு, “பாத்தீங்ளா, பாத்தீங்ளா” என்றார். என்னால் பேச முடியவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும்.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த காளியாத்தாள் வெளியே வந்தாள். மாரப்பனைக் கேட்டாள்: “எப்படிப்பா போனாரு?”

“கண்கொண்டு பாக்க முடியலீங்க. தண்ணியக் கண்டா அலறுனாரு. வாயில நொரை. உமிழக்கூட முடியலீங்க.”

அவள் என்னிடம் கையை நீட்டினாள். படம் என்றாலே முந்தானையால் கண்ணை மூடுகிறவள், கருவாயனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரலால் அந்தத் தாடையைத் தொட்டாள்.

“நானுந்தான் தண்ணி வெச்சேன்” என்றாள் புருஷனைப் பார்த்து. “தொட்டித் தண்ணிக்குள்ள மூக்க உட்டுச்சு. குடிக்க முடியல. எலும்புன்னு நெனச்சோம்.” படத்தை என்னிடம் கொடுத்தாள். “வண்டியக் கட்டுங்க.”

“அடியே, ஊரு…”

“ஊரு கெடக்குது. வண்டியக் கட்டுங்கன்னேன்!”

நான்தான் ஓட்டினேன். அந்தக் காளைகள் வாளையார் ஸ்டேஷனுக்கு ரயிலை முந்திக்கொண்டு போயின என்று வேறொரு நாளாயிருந்தால் எழுதுவேன். வண்டிக்குள் மயிலாத்தாள் ஒன்றும் புரியாமல், “நான் என்னம்மா பண்ணுனேன்?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மூன்று பேரையும் ரயிலேற்றிவிட்டு நான் ஊர் திரும்பியபோது, பிணம் எனக்காகக் காத்துக் கிடந்தது. பழனாத்தாள் என்னைப் பார்த்து முதலில் கேட்டது, “அந்தப் புள்ள போயிருச்சாண்ணா?” என்பதைத்தான். போய்விட்டது என்று சொன்ன பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

சுடுகாட்டில் பெட்டியையும் மேலே வைத்து எரித்துவிடச் சொல்லி நாலைந்து பேர் வந்தார்கள். அவள் வாசலிலேயே மறித்தாள். “அவரு கைப்பட்டது மிச்சமிருக்கறது அது ஒண்ணுதான். தொட்டவன் கைய ஒடிப்பேன்.” யாரும் தொடவில்லை. அமாவாசைச் சந்தையன்று அந்தப் புளியமரத்தடிப் பக்கம் ஒருவரும் போகவில்லை. இரண்டு கடைக்காரர்கள் கடையை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். நான் அன்றைக்கு அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து, வந்தவன் போனவனுக்கெல்லாம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “மாமா கத சொல்றாரு” என்று சொல்லிக்கொண்டு போனார்கள். ஆகவேதான் எழுத்தில் வைக்கிறேன். உங்கள் நாய் தின்னாமல், குடிக்காமல், வாயைத் தொங்கவிட்டுக்கொண்டு சாதுவாக உட்கார்ந்தால் தொண்டைக்குள் எலும்பைத் தேடாதீர்கள். கையை எடுங்கள். குன்னூருக்கு ஓடுங்கள். இதைத் தெரிந்துகொள்ள எங்கள் வீட்டில் ஓர் ஆள் செலவாகியிருக்கிறது.

மயிலாத்தாள் வயிறு முழுக்க ஊசி வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். பண்ணாடியும் காளியாத்தாளும் போட்டுக்கொண்டார்கள். ஆனால் போட்டது தாமதம், சில மாதம் போனால்தான் நிச்சயமாகச் சொல்லலாம் என்று அங்கே சொல்லியனுப்பியிருக்கிறார்கள். கல்யாணத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். பண்ணாடி என்னைப் பார்த்தால் துண்டைத் தோளிலிருந்து எடுக்கிறார். எனக்கு அது வேண்டியதில்லை.

ஆறுமுகத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்கிறீர்கள். பெட்டி என் தங்கையிடம் இருக்கிறது. நாய்களைப் படம் பிடிக்கும் வித்தையெல்லாம் எனக்கு வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லப்போவதில்லை. அவர் எனக்கு விட்டுப்போனது ஒரு வேலை. தினமும் காலையில் பண்ணாடி வீட்டுக்குப் போகிறேன். காளியாத்தாள் மகள் கையில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுக்கிறாள். பண்ணாடி மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிடுகிறார். நாங்கள் மூன்று பேரும் அந்தப் பெண்ணின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன்று காலையும் குடித்தாள்.